ஒன்பதில் தெரிந்த காது

என் கண்ணைப் பற்றிக் குடும்பத்தில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். என் மகள் பேசினாள். மருமகன் பேசினார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஏர்கான் போட்டு உட்கார்ந்திருக்கும் எண்கணித ஜோசியர்கூடப் பேசினார். கண் என்னுடையது என்பதால் கடைசியாக நானும் கொஞ்சம் பேசலாம் என்று இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, மெதுவாகத்தான் வரும். வாசிக்கிறவர்களுக்கு அவசரம் என்றால் அது அவர்கள் பாடு.

கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் எனக்கு ஆறு ஏக்கர் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை, இருக்கிறது. கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைத்திருக்கிறேன். கன்று என் இடுப்பு உயரம் வளர்ந்து குருத்து விடும் சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி வரும். அது முழுக் கன்றையும் தின்னாது. அடியைத் தோண்டிச் சாய்த்து, நடுவில் வெள்ளையாக இருக்கும் குருத்தை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகும். கல்யாண விருந்தில் அப்பளத்தையும் பாயசத்தையும் மட்டும் முடித்துவிட்டு இலையை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த ஜாதி.

அதற்காகத்தான் என்னிடம் துப்பாக்கி இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று முறையாக லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி. முதலில் என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. அவர் போன பிறகு என் பேருக்கு மாற்றினேன். அன்றைக்கு போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்து, "மாக்சிக்கே சுடுவீங்களா?" என்று கேட்டார். மலாயில் மாக்சிக் என்றால் பெரியம்மா, துவான் என்றால் ஐயா. "சோறும் நான்தான் ஆக்குறேன், துவான்" என்றேன். அவருக்கு அது பதிலாகப் பட்டதோ என்னவோ, கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ பன்றிகள் என் கையால் விழுந்திருக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இந்தத் துப்பாக்கியின் குழல் நுனியில் மிளகு அளவில் ஒரு பித்தளை மணி இருக்கும். மணியைப் பன்றியின் தோள்மேல் வைத்து விசையை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. இரண்டு வருஷமாக அந்த மணி எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. தூரத்தில் நிற்கும் பன்றி தெரிகிறது, பன்றியின் வாலில் ஒட்டிய சேறு தெரிகிறது, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும் மணி மட்டும் மஞ்சளாகக் கலங்கி எங்கோ மிதக்கிறது. ஒரு நாள் மகளிடம் போனில் பேசும்போது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் பதினாலாவது மாடியில் இருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு குறை என்றால் அவளுக்குக் கைகால் ஓடாது, வாய் மட்டும் நன்றாக ஓடும். அன்று சாயந்திரமே மருமகன் இன்டர்நெட்டில் தேடிவிட்டார். அவர் பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். எதைக் கேட்டாலும் இரண்டு விரலால் தேடிப் பதில் சொல்வார்.

"அத்தை, துப்பாக்கி மேல ஸ்கோப் போட்டா போதும். அதுக்குள்ள குறுக்குக் கோடு இருக்கும். பன்னியும் கோடும் ஒரே தூரத்துல தெரியும். மணியே தேவையில்ல."

நல்ல யோசனை. அதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஒரு சனிக்கிழமை மூவருமாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் துப்பாக்கி விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர். எவ்வளவு தூரத்தில் பன்றி வரும் என்று கேட்டார். என் வீட்டுப் பின்வாசலுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் என்றேன். என் கோழிக்கூண்டை அவர் பார்த்ததில்லை. எதிர்க்கடை வாசலில் நின்ற லோரியைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடி மேசைமேல் மூன்று குழாய்களை எடுத்து வைத்தார். ஒன்று, ஒன்றிலிருந்து நாலு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். அடுத்தது மூன்றிலிருந்து ஒன்பது. மூன்றாவது ஆறிலிருந்து இருபத்து நாலு. கண்பக்கம் ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருகினால் எண் கூடும், குறையும். "ரைஃபிளுக்குச் செஞ்சதுதான், ஆனா ஒங்க துப்பாக்கிக்கும் உட்காரும். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு புடிக்கும், ஆன்டி" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்க்கப் போய்விட்டார்.

இருபத்து நாலை எடுத்து லோரியைப் பார்த்தேன். டயரில் ஒட்டியிருந்த சுவிங்கம் தெரிந்தது. லோரி தெரியவில்லை.

"மா, பெருசா தெரியுதா?"

"தெரியுது. என்னான்னுதான் தெரியல."

மகள் அதற்குள் ஜோசியருக்குப் போன் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் இது வழக்கம். கார் நம்பர், போன் நம்பர், வீட்டு நம்பர், பேரப்பிள்ளை பேரில் எத்தனை எழுத்து, எல்லாம் அவர் கூட்டிப் பார்த்துச் சொல்லித்தான் நடக்கும். எங்கள் வீட்டில் மட்டுமா, இந்த ஊரில் ஒன்பது கூட்டுத்தொகை வராத தமிழன் காரைக் காட்டுங்கள் பார்ப்போம். மருமகன் தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பார். அவருடைய காரும் ஒன்பதுதான். எதேச்சையாக அமைந்தது என்பார்.

ஜோசியர் குரல் ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது. "எதுக்கும்மா நம்பர்? வீட்டுக்கா, கடைக்கா?"

"துப்பாக்கிக்குங்க சாமி."

 அவர் தொழில் தெரிந்தவர் போலவே பேசினார். ஒன்று நாலு ஆகாது, நாலு ராகு, ஆயுதத்தில் ராகு இருந்தால் விபத்து. ஆறு சுக்கிரன், இருபத்து நாலைக் கூட்டினாலும் ஆறு, இரண்டு பக்கமும் சுக்கிரன், அது கல்யாணத்துக்கும் பட்டுப்புடவைக்கும் நல்லது, பன்றிக்கு உதவாது. மூன்று குரு, ஒன்பது செவ்வாய். செவ்வாய்தான் ஆயுதத்துக்கு அதிபதி. "அம்மா பிறந்த தேதியும் ஒன்பதுதானே? வளையத்தை ஒன்பதுல வச்சு மஞ்சக் கயிறு கட்டிடுங்க. யாரும் திருகக்கூடாது."

"சாமி, தூரம் கம்மி, பக்கத்துலதான் பன்னி வரும்னு அம்மா சொல்றாங்க."

"பக்கத்துல வந்தா இன்னும் நல்லா தெரியுமேம்மா."

இதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை. எனக்கும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒன்பது மூன்றைவிடப் பெரிது. மூன்று மடங்குப் பெரிதாகப் பார்க்கிறவளைவிட ஒன்பது மடங்குப் பெரிதாகப் பார்க்கிறவள் கெட்டிக்காரி என்று நானும்தான் நினைத்தேன். கடைக்காரரே மூன்று-ஒன்பதைத் துப்பாக்கியில் பூட்டி, சுடுமிடத்துக்குக் கொண்டுபோய்க் குறி சரிபார்த்துக் கொடுத்தார். மகள் ஒன்பதில் வளையத்தை நிறுத்தி மஞ்சள் கயிறு சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் சாமி மேடைமுன் வைத்து, புதுக்காருக்குச் செய்கிற மாதிரியே சந்தனம் குங்குமம் வைத்தாள். எங்கே வைத்தாள் என்றால், முன்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில். அதைத் துடைத்தெடுப்பதற்குள் எனக்கு ஒரு முழு மத்தியானம் போயிற்று.

ஸ்கோப் போட்ட பிறகு முதல் தடவை பன்றி வந்தது ஒரு திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம். செம்பனையை வரிசை வரிசையாகத்தான் நடுவோம், அந்த வரிசையை நிரை என்போம். ஒரு நிரையின் முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே கன்றுகள். பன்றி ஒன்று ஓசையே இல்லாமல் வந்து, நல்ல கன்றாகப் பார்த்து மூக்கை வைத்தது. வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து ஒன்பது மடங்குக்குள் கண்ணை விட்டேன்.

ஒரே கறுப்பு.

ஒன்பதில் வைத்தால் கண்ணை மிகச்சரியான இடத்தில் பிடிக்க வேண்டும். ஒரு விரல் நகர்ந்தால் குழாய்க்குள் இருட்டு. நகர்ந்து நகர்ந்து பார்த்ததில் ஒரு மட்டையின் முள் தெரிந்தது, உலக்கை மாதிரி. பக்கத்தில் கொஞ்சம் நகர்த்தினேன், மண். இன்னும் கொஞ்சம், வேறு மண். குழாயைவிட்டுக் கண்ணை எடுத்தால் பன்றி அங்கேயே நிம்மதியாக நின்று தின்கிறது. மறுபடி கண்ணை வைத்தால் பன்றியே கிடையாது. ஒருவழியாக அகப்பட்டபோது வட்டம் முழுவதும் பழுப்பு மயிர். இது முன்பக்கமா, பின்பக்கமா? மயிரிலே எழுதியிருக்கவில்லை. மெல்ல நகர்த்தினேன், ஒரு காது வந்தது. அப்படிப்பட்ட காதை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஓரத்தில் கிழிசல், உள்ளே ஒரு உண்ணி, உண்ணியின் காலைக்கூட எண்ணலாம். காது தெரிந்தால் தோள் எங்கே என்று கணக்குப் போடலாம் அல்லவா? போட்டேன். அதற்குள் அது ஒரு அடி வைத்தது, காது போய்விட்டது, நான் அதைத் துரத்திக்கொண்டு முகத்தை முன்னால் கொண்டுபோய்க் குழாயோடு ஒட்டிவைத்து விசையை இழுத்தேன்.

துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பது புது விஷயம் இல்லை. ஆனால் அதன்மேல் இரும்புக் குழாய் இருந்தால் அதுவும் சேர்ந்து உதைக்கும். புருவத்துக்குமேல் பிறை மாதிரி ஒரு வெட்டு. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. தோட்டா மண்ணில் போயிற்று. பன்றி அடுத்த நாளும் வந்து பக்கத்துக் கன்றைத் தின்றது.

மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வேலியோரம் நின்றார். அவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. என் வயசுதான். சின்ன வயசில் தமிழர்களோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார், குறிப்பாகக் கேலி பேசுவார். என் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தார்.

"அக்கா, நீ பன்னிய சுட்டியா, பன்னி ஒன்ன சுட்டுச்சா?"

"ரெண்டு பேரும் தப்பிச்சோம், தவுக்கே."

துப்பாக்கியைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி அந்த ஸ்கோப்பில் வானத்தைப் பார்த்தார். "இதுல நிலாவ பாக்கலாம் லா. நல்ல சாமான். எங்கிட்ட இருபத்து நாலு இருக்கு. நான் அதுல போர்ட் கிள்ளான்ல வர்ற கப்பல் பேரெல்லாம் படிப்பேன்."

"பன்னி?"

"பன்னிக்குப் பேரு இல்லியே, அக்கா."

அவர் அந்த இருபத்து நாலைப் பூட்டியதிலிருந்து ஒரு பன்றியும் சுட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். அதனால் அவர் சொன்ன எதையும் நான் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்தார்கள். பிளாஸ்டரைப் பார்த்து மகள் அழுதாள். அழுது முடித்ததும் முடிவோடு வந்திருப்பது தெரிந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி மாதக் கடைசியில் வருகிறது. புதுப்பிக்க வேண்டாம், கிள்ளானில் போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம், மருமகனே கூட்டிப் போவார். துப்பாக்கி இல்லாவிட்டால் பன்றியை யார் பார்ப்பார்கள் என்றேன். நிலத்தையே கொடுத்துவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிடுங்கள் என்றாள்.

"அங்க என்னா பண்ணுவேன்?"

"லிஃப்ட் இருக்கு மா. கீழ எறங்கினா கோயில் இருக்கு, கடை இருக்கு. சும்மா இருக்கலாம்."

சும்மா இருப்பது என் மகளுக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிகிறது. மருமகன் தன் பங்குக்கு ஒரு கணக்குச் சொன்னார். "அத்தை, ஒன்பது மடங்கு ஸ்கோப் வச்சே படலன்னா, பிரச்சினை ஸ்கோப்ல இல்ல." என் கண்ணைச் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர், பார்வையைத் திருப்பி என் கண்ணை மட்டும் பார்த்தார்.

 எனக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கி போனால் கன்று போகும், கன்று போனால் நிலம் போகும், நிலம் போனால் நான் பதினாலாவது மாடியில் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை.

அவர்கள் போனபின் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொடி, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதாவது பன்றி நிற்கிற தூரம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஸ்கோப்பில் கொடியைப் பார்த்தேன். ஒன்பதில் என் ஜாக்கெட்டின் ஒரு கொக்கி தெரிந்தது, கொஞ்சம் துரு பிடித்திருந்தது. நல்லது, மாற்ற வேண்டும். ஆனால் அது எந்த ஜாக்கெட்? பக்கத்தில் தொங்குவது புடவையா துண்டா? பின்னால் யார் நிற்கிறார்கள்? எதுவும் தெரியவில்லை. ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு நான் உலகத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கே சிரிப்பு வந்தது. பன்றியைப் பக்கத்தில் கொண்டுவர எனக்கு ஸ்கோப் எதற்கு? அதுதான் அழைக்காமலே பக்கத்தில் வந்து என் கன்றைத் தின்கிறதே. எனக்குக் கலங்கியது மணி மட்டும். மணிக்குப் பதிலாக ஒரு தெளிவான கோடு வேண்டும், அவ்வளவுதான். பெரிதாக்குவது யார் கேட்ட வரம்?

கத்தரிக்கோல் எடுத்து மஞ்சள் கயிற்றை வெட்டினேன். செவ்வாயிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மூன்றுக்கு உரிய குரு மூத்தவர், பார்த்துக்கொள்வார் என்று ஒரு தைரியம். வளையத்தைக் கீழே கீழே திருகி மூன்றில் நிறுத்தினேன். கடைசி எண் அதுதான். ஒன்று நாலு வாங்கியிருந்தால் இன்னும் கீழே போயிருக்கலாம், ராகு விடவில்லை.

மூன்றில் கொடி முழுக்கத் தெரிந்தது. ஜாக்கெட், புடவை, துண்டு, கொடிக்கம்பில் உட்கார்ந்திருந்த மைனா, பின்னால் கூண்டு. கண்ணை அங்கே இங்கே நகர்த்தினாலும் இருட்டு வரவில்லை. தலையைப் பின்னுக்கு வைத்தும் பார்க்க முடிந்தது. கறுப்புக் கோடு இரண்டும் மைபோட்ட மாதிரி நடுவில் நின்றன. கொக்கியின் துரு தெரியவில்லை. துரு சுடுவதற்கு எனக்கு லைசென்ஸும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் மருமகன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்பி வருவதாக மகள் போனில் சொன்னாள். இரவு தங்கிவிட்டுக் காலையில் என்னையும் துப்பாக்கியையும் கிள்ளானுக்குக் கூட்டிப் போவது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ஃபெடரல் ஹைவேயில் மாட்டினால் எட்டுக்கு முன் வந்து சேர முடியாது. கடைசியாக ஒரு சாயந்திரம் இருக்கிறதே என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பன்றி வந்தது. அதே கிழிந்த காது, எனக்குத் தெரியாத ஆள் இல்லை. நல்ல கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பக்கவாட்டில் நின்றது, தோள் முழுதும் என் பக்கம். துப்பாக்கியை எடுத்துக் கண்ணை வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. பன்றி முழுசாக வட்டத்துக்குள் இருந்தது. கோடு தோள்மேல் போய் உட்கார்ந்தது. விசையில் விரலை வைக்கப் போனேன்.

வட்டத்தின் மேல்பக்க ஓரத்தில், இரண்டு கன்றுக்குப் பின்னால், இன்னொரு பழுப்பு.

அது குனிந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு முதுகு, முதுகில் கம்பெனிப் பேர் அச்சடித்த எழுத்து. கையில் போன். தோண்டிப்போட்ட ஒரு கன்றை ரொம்பப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

விரலை எடுத்தேன். குழலைத் தரைக்குத் தாழ்த்தி, தோட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.  

பிறகு வெறுங்கண்ணால் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் என் கன்றின்மேல்தான் கவனம். ஒன்று தின்றது, இன்னொன்று தின்றதைப் படம் எடுத்தது. எதற்குப் படம் என்று எனக்குப் புரிந்தது. அம்மாவால் முடியவில்லை என்று மகளுக்குக் காட்ட ஆதாரம் வேண்டும் அல்லவா.

"மாப்பிள்ளை" என்றேன், சத்தம் போடாமல், விருந்துக்குக் கூப்பிடுகிற குரலில். "அப்படியே உட்கார்ந்திருங்க. ஒங்களுக்குப் பின்னால ஒரு ஆள் நிக்கிறாரு."

அவர் நிமிர்ந்து திரும்பினார். பன்றியும் நிமிர்ந்தது. பன்றிக்குத்தான் முதலில் விஷயம் விளங்கியது. நேரே அவர் பக்கமாகவே ஓடி, கடைசி நேரத்தில் மனசு மாறி விலகிப் போயிற்று. மருமகன் உட்கார்ந்தபடியே பின்னுக்குப் போய் வடிகாலில் விழுந்தார். நல்லவேளை, தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. போனை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டீங்களே, மாப்பிள்ளை?"

"ஆபீஸ்ல மத்தியானமே விட்டுட்டாங்க, அத்தை." மேலே ஏறி வந்து என் நாற்காலிப் பக்கத்தில் நின்றார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மடியில் இருந்த தோட்டாவைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். கணக்கு வல்லவர், கூட்டிக் கழிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"அத்தை, நீங்க சுடப் போனீங்களா?"

"போனேன்."

"என்னப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பழுப்பு டீ-சட்டை, முதுகுல கம்பெனி பேரு. போன எடது கைல புடிச்சிருந்தீங்க. குனிஞ்சா ஒங்களுக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் நடக்கணும்."

 அவர் என்னிடமிருந்து துப்பாக்கியை வாங்கி, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, ஸ்கோப்பின் வளையத்தைத் தடவினார். கயிறு இல்லை.

"ஒன்பதுல இல்லியே?"

"மூணுல வச்சேன்."

"ஒன்பதுல இருந்திருந்தா?"

இதற்கு நான் என்ன சொல்வது? அழகாகச் சுற்றிவளைத்துச் சொல்லலாம். எனக்கு அந்தப் படிப்பு இல்லை.

"ஒன்பதுல இருந்திருந்தா ஒங்களப் பாத்திருக்க மாட்டேன், மாப்பிள்ளை. பன்னியோட தோள மட்டும்தான் பாத்திருப்பேன். ரொம்பத் தெளிவா பாத்திருப்பேன்."

அவர் ஈரத்தோடு அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.  கொசு கடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கடைசியில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, தான் இருந்த இடத்தை மூன்றில் பார்த்தார். பிறகு வளையத்தைத் திருகி ஒன்பதில் பார்த்தார். மறுபடி மூன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார். மகளிடம் போனில் பேசும்போது அடுப்பங்கரை வாசல்வரை நடந்துபோய்த் தணிந்த குரலில் பேசினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதைப் பற்றி இதுவரை யாரும் சந்தேகப்படவில்லை. வடிகாலில் விழுந்ததைச் சொல்லவில்லை. "கயித்த நான்தான் வெட்டச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் மகள் சத்தம் போட்டது சுவர் வழியாகவே கேட்டது. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். மருமகன் என்ற பேரை அன்றைக்குத்தான் அவர் சம்பாதித்தார்.

மறுநாள் காலையில் கிள்ளானுக்குப் போனோம். துப்பாக்கியை ஒப்படைக்க அல்ல. மேசைக்குப் பின்னால் இளம் அதிகாரி ஒருவர். என் வயசைப் பார்த்தார், நெற்றியில் ஆறிக்கொண்டிருந்த பிறையைப் பார்த்தார். "மாக்சிக், கண்ணு இன்னும் தெராங்கா?" என்று கேட்டார், தெளிவாகத் தெரிகிறதா என்று.

நான் வாயைத் திறக்கும் முன் மருமகன் முன்னால் வந்தார். "தெராங், துவான். ரொம்பத் தெராங். நான் சாட்சி."

அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. லைசென்ஸ் என் பேரிலேயே புதுப்பிக்கப்பட்டது.

கிழிந்த காது அதற்கடுத்த வாரம் விழுந்தது. ஒரே தோட்டா, அதே மூன்று. தவுக்கே மோட்டாரில் வந்து பார்த்து, இவ்வளவு கிட்டத்தில் சுட்டதில் என்ன பெருமை என்று கேட்டார். கறியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். கன்றுகள் இப்போது என் தோளுக்கு வளர்ந்திருக்கின்றன. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நான் தீபாவளிக்குப் போகிறேன், லிஃப்டில் ஏறுகிறேன், மறுநாளே இறங்கிவிடுகிறேன்.

மருமகன் மட்டும் கொஞ்சம் மாறிவிட்டார். முன்பெல்லாம் கேட்டைத் திறந்துகொண்டு நேரே அடுப்பங்கரைவரை வந்து, என்ன சமையல் என்று மூடியைத் தூக்கிப் பார்ப்பார். இப்போது கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திப் போன் செய்கிறார். நான் எங்கே இருக்கிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டு, வரலாம் என்று நான் சொன்னபிறகுதான் உள்ளே காலை வைக்கிறார். மாமியாருக்கு இந்த மரியாதையை நான் மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே எதிர்பார்த்தேன்.